ஆறாவது குமிழ்

என் வீட்டுக்காரருக்குப் பாம்புச் செவி என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுகிற சுருதி கொஞ்சம் மாறினாலும் இவருக்குத் தெரிந்துவிடும். நான் குளியலறையிலிருந்து "அடுப்பை அணைங்க, பால் பொங்குது" என்று தொண்டை கிழியக் கத்தினால் தெரியாது. பால் பொங்கி, அடுப்பு அணைந்து, நான் வந்து நின்றால், "கூப்பிட்டியா?" என்பார்.

பகலில், காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஒரு ராக் இசைக்குழுவுக்குச் சவுண்ட் ஆள். காதைக் கெடுப்பதும் அவரே, கெட்ட காதுக்கு மிஷின் வைப்பதும் அவரே. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனுஷர்.

ராக் குழு என்றதும் தோள்வரை முடி வளர்த்த இளவட்டங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரியில் ஆரம்பித்தபோது முடி இருந்தது வாஸ்தவம். இப்போது மேடை ஏறுமுன் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள், அதுவும் ரத்தக்கொதிப்புக்கு. பாடுகிறவர் பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவருக்குச் சாயங்காலம்தான் தன் வாயைத் திறக்க வாய்ப்பு. டிரம்ஸ் அடிப்பவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒருவரும் உண்டு. அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பேஸ் வாசிப்பவர்களைப் பற்றி யாரும் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை.

இவர்களுக்கெல்லாம் தலை, குழுவை ஆரம்பித்தவர். எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'தான். தண்ணீர் வாரியத்தில் புகார் வாங்குகிற மேஜையில் உட்கார்ந்திருந்தார். குழாயில் காற்று வருகிறது, காற்றும் வரவில்லை என்று நாள் முழுக்கத் திட்டு வாங்குவார். அதையெல்லாம் பாட்டாக எழுதுவார். 'குழாயே, வாயைத் திற' அவர் எழுதியதுதான். அந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து நின்று கூடவே பாடும். அப்படி ஒரு பேனா அந்த மனுஷருக்கு.

பேனா பிடித்த கைக்குக் கிட்டார் பிடிக்கத் தெரியவில்லை, அதுதான் கோளாறு. வாசிக்காமலும் இருக்கமாட்டார். தாளம் விழுந்து, அது எழுந்து தூசியைத் தட்டிக்கொண்ட பிறகுதான் அண்ணன் தந்தியைத் தொடுவார். அதுவும் ஆறு தந்தியில் ஐந்து சரியாக இருந்தால் அன்று நல்ல நாள்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்களா? கல்யாணமான புதிதில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். இவர் பக்கத்தில், அரங்கத்தின் பின்பக்கம், சவுண்ட் மேஜைக்கு அருகே உட்கார்ந்தேன். மேஜை நிறைய வரிசையாகக் குமிழ்கள். மேலே தள்ளினால் அந்த ஆளின் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். நான் சும்மா முழங்கையை ஊன்றினேன். ஆறாவது குமிழ் மேலே போய்விட்டது. மாடிப்படியில் பாத்திரக்கூடை உருண்டதுபோல் ஒரு சத்தம். கூட்டமே திரும்பிப் பார்த்தது. இவர் பாய்ந்துவந்து என் கையைத் தட்டிவிட்டுக் குமிழை அடிமட்டத்துக்கு இழுத்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆரம்பத்தில், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் என்று அண்ணனின் குமிழைக் கீழே இறக்கினாராம். அதைத் திரும்ப ஏற்றவே இல்லை.

"அடப்பாவி மனுஷா, அவர் என்ன ஊமைக் கூத்தா ஆடிக்கிட்டிருக்கார்?"

"அவர் எழுதறது ஜனங்களுக்குப் போய்ச் சேரணும். அதுக்கு இது கீழதான் இருக்கணும்."

"அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"நீ சொல்லு பாக்கலாம்."

நான் எங்கே சொல்ல? நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து, "சவுண்டு எப்படி, தம்பி?" என்று குழந்தை மாதிரி கேட்பார். இவர், "அருமை, அண்ணே" என்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

அந்த அண்ணன்தான் திடீரென்று போய்விட்டார். காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு அப்படியே சாய்ந்துவிட்டாராம். அண்ணி, அவர் மனைவி, மீதிப் பாதியையும் தானே மழித்துவிட்டுத்தான் அடுத்தவர்களைப் பார்க்கவிட்டார். அப்படிப்பட்ட அம்மாள்.

சாவுக் காரியமெல்லாம் முடிந்து, மாஸ்டரின் கார் கொட்டகையில் கூடினார்கள். குழுவுக்கு ஒத்திகை இடமும் அதுதான். முட்டி மோதி நசுங்கிய பயிற்சிக் கார்களுக்கு நடுவே டிரம்ஸ்.

"அண்ணன் கிட்டார் இல்லாம நமக்கு ஏது சத்தம்? மரியாதையா முடிச்சுக்குவோம்," என்று டாக்டர் கண்ணைத் துடைத்தார். மாஸ்டரும் தலையாட்டினார். பேஸ்காரர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ஊமை கனவு கண்டதுபோல முழித்துக்கொண்டு நின்றார். உலகத்தில் ஒருவரும் கேட்டிராத கிட்டாருக்காகக் குழுவை மூடப் போகிறார்கள், அது இவருக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொல்லித் தொலைங்களேன்! அந்தக் கிட்டார் என்னைக்குமே வெளியில கேட்டதில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா குழு பிழைச்சுக்குமே!"

"செத்தவரை இன்னொரு தடவை சாகடிக்கச் சொல்றியா?"

"அப்ப மூடட்டும்."

இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூடிட்டா அப்புறம் எனக்கு ஆயுசுக்கும் காதுக் குறும்பிதான்," என்றார். சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன், வரவில்லை. அந்த மேஜைக்குப் பின்னால் நின்றால்தான் அவர் மனுஷர். மற்ற நேரம் வீட்டில் இன்னொரு நாற்காலி.

அண்ணிதான் வழி திறந்தார். "அவருக்காக ஒரு நிகழ்ச்சி நடத்துங்க. சரியா வந்தா தொடருங்க, வரலைன்னா விட்டுடுங்க," என்றார். அண்ணி சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

ஒத்திகை ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் மனசுக்குள் நிம்மதி. கேட்காத கிட்டார் போனால் என்ன குறையப் போகிறது? அப்படியேதான் இருக்கப் போகிறது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்தார். 'குழாயே, வாயைத் திற' அசைந்து அசைந்து போகிற பாட்டு. அன்றைக்கு நாய் துரத்துகிற சைக்கிள்காரன் மாதிரி பறந்தது. டாக்டர் பாதி வார்த்தையைப் பாடினார், மீதியை விழுங்கினார். பாட்டு முடிந்ததும் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்.

"ஏன் மாஸ்டர், என்ன அவசரம்? வீட்ல ஏதாவது விசேஷமா?"

மாஸ்டர் குச்சிகளைக் கீழே வைத்தார். "எங்க பயிற்சி வண்டியில ரெண்டு பிரேக் இருக்கும், டாக்டர். ஒண்ணு ஓட்டறவனுக்கு, ஒண்ணு பக்கத்துல உட்காந்திருக்கற எனக்கு. இந்த டிரம்ஸுக்கு ரெண்டாவது பிரேக் அண்ணன்தான். அவர் கை வந்து விழட்டும்னு ஒவ்வொரு அடிக்கும் காத்திருப்பேன். இப்ப யாருக்குன்னு காத்திருக்கறது?"

என் வீட்டுக்காரர் அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு வீட்டில் நின்றார்.

"நான் ஜனங்களுக்குத்தான்டி மூடி வச்சேன். மேடையில அவர் கிட்டாரோட ஸ்பீக்கர் பெட்டி பாடிக்கிட்டேதான் இருந்திருக்கு. அத்தனை பேரும் அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசிச்சிருக்காங்க. அவர் இல்லாமலே குழு நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருந்த முட்டாள் நான் ஒருத்தன்தான்."

நான் குனிந்து அவர் செருப்பைக் கழற்றிவிட்டேன். அவருக்கு நான் அப்படிச் செய்வது அபூர்வம்.

மறுநாள் அலமாரியைக் குடைந்தார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒவ்வொரு ஆளின் வாசிப்பையும் தனித்தனியாகப் பதிந்துவைப்பது இவர் வழக்கம். அண்ணனின் கிட்டார் மட்டும் தனியாக, தப்பும் தாமதமுமாக, அப்படியே இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு அதைக் கொட்டகைக்கு எடுத்துப்போய், வாசிப்பவர்களின் காலடியில் இருக்கும் ஸ்பீக்கரில் விட்டார்.

மாஸ்டரின் கை தானாக நிதானத்துக்கு வந்தது. பாட்டு பழையபடி அசைய ஆரம்பித்தது. டாக்டர் பாடிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே பாடினார். பேஸ்காரர் வாயைத் திறந்து, "அண்ணன்!" என்றார். அவர் குரலை நான் கேட்டது அன்றுதான். குழு பிழைத்துக்கொண்டது என்று நான் மாஸ்டர் வீட்டுக்குள் காபி போடப் போனேன்.

அதற்குள் டாக்டர் கொம்பைச் சீவிவிட்டார். "நாம மட்டும் கேட்டா போதுமா? ஜனங்களுக்கும் விடு! எப்பவும் போல அண்ணன் கிட்டார் அரங்கம் முழுக்க அதிரணும்!"

எப்பவும் போலவாம்! இவர் பூம்பூம் மாடாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

"குமிழைக் கீழேயே வச்சிருப்பேன். யாருக்குத் தெரியப்போகுது? முன்வரிசைல அண்ணி உட்காந்திருப்பாங்க. புருஷன் கை அப்படித்தான் இருந்ததுன்னு ஊர் முன்னாடி அவங்க கேக்கணுமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

நிகழ்ச்சி நாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. டாக்டர் மைக்கைப் பிடித்து, "இன்னிக்கு எங்களோட அண்ணன் கிட்டாரும் பாடும்!" என்று அறிவித்தார். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. முதல் பாட்டு. ஆறாவது குமிழ் அடிமட்டத்தில். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் மனைவியிடம், "கேட்டியா? அதே கை! அச்சு அசல்!" என்று கைக்குட்டையை எடுத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டு தொடங்குமுன் அண்ணி முன்வரிசையிலிருந்து எழுந்தார். நேரே எங்களிடம் நடந்துவந்தார். நான் நாற்காலி கொடுத்தேன், உட்காரவில்லை. மேஜையைப் பார்த்தார்.

"இதுல அவர் எது, தம்பி?"

இவர் ஆறாவதைக் காட்டினார்.

"மேல ஏத்துங்க."

"அண்ணி, அது வந்து..."

"வீட்ல தினமும் அந்தச் சத்தத்தோட குடித்தனம் பண்ணவ நான். எனக்குத் தெரியாதா? முன்வரிசைல உட்காந்து ஒரு நாளாவது காதுல விழுமான்னு பாப்பேன். விழுந்ததே இல்ல. முதல்ல உங்க மேல ஆத்திரம். அப்புறம் போகப் போக, நல்ல மனுஷன், என் புருஷன் மானத்தைக் காப்பாத்தறான்னு விட்டுட்டேன்."

இத்தனை வருஷமும் தன்னை அரித்துக்கொண்டிருந்த ஒரே கேள்வியை இவர் தட்டுத்தடுமாறிக் கேட்டார். "அண்ணனுக்கு... தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா உங்களைச் சும்மா விட்டிருப்பாரா? உதைச்சிருப்பார்," என்றார் அண்ணி. "தெரியாது, தம்பி. சத்தியமா தெரியாது. சந்தோஷமாத்தான் போனார். இனிமே அவருக்கு என்ன வெக்கம்? எனக்குத்தான் வீடு வெறிச்சுன்னு கிடக்கு. ஏத்துங்க."

மாஸ்டர் குச்சியைத் தட்டினார். என் வீட்டுக்காரர் குமிழை மேலே தள்ளினார்.

தாளம் விழுந்தது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டது. அப்புறம் வந்தார் அண்ணன், அரங்கம் அதிர, ஒரு தந்தி தப்பாக. முன்னால் இருந்தவர் கைக்குட்டையோடு திடுக்கிட்டுத் திரும்பினார். யாரோ காதைப் பொத்தினார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரென்று நான் தோளைத் தொட்டேன். சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. எனக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் கைக்குட்டைக்காரர் எங்கள் மேஜைக்கே வந்துவிட்டார். "என்னய்யா சவுண்டு போடறே? அண்ணன் இருந்தவரைக்கும் அவர் கிட்டார் எவ்வளவு சுத்தமா கேக்கும்! அவர் பதிஞ்சு வச்சதைக்கூட இப்படிக் கெடுத்து வச்சிருக்கியே!"

சத்தத்தில் குறை என்று ஒரு சொல் சொன்னால் என் வீட்டுக்காரர் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கத் தயாராக நின்றேன்.

"ஆமாங்க," என்றார். "அவர் வாசிச்சது சுத்தம்தாங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு, குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒயர் பாதியிலேயே நின்றது, அவர் தோள் குலுங்கியது. அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்து டாக்டர் ஓடிவந்தார். மேடையில் எல்லாம் சுகமாகக் கேட்டிருக்கிறது, கூட்டம் காதைப் பொத்தியது அவருக்குத் தெரியவே தெரியாது. "தொடருறோம், தம்பி! அடுத்த மாசமே வச்சுக்கலாம்!" என்று இவரைக் கட்டிப்பிடித்துவிட்டு மறுபடி ஓடினார்.

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அடுத்த தடவை பாதி ஏத்தினா போதும், தம்பி."