நூல் அறுந்ததை ஆங்கிலத்தில் சொன்னவள்

ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருகிற ஆங்கில ஆசிரியை நான். அந்த வருஷம் எனக்கு விழுந்தது ஜவுளித் தொழில்நுட்பம் கடைசி ஆண்டு வகுப்பு. பாடப்புத்தகத்தின் முதல் பாடமே, விமான நிலையத்தில் வெளிநாட்டு விருந்தாளியை வரவேற்பது எப்படி என்பது. எங்கள் பிள்ளைகளில் பலர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. எனக்கு எரிச்சலாக வந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நூற்பாலையையே பாடமாக வைத்துக்கொண்டேன். பஞ்சு எப்படி நூலாகிறது, ஓடுகிற நூல் ஏன் அறுகிறது, அதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது, எப்படி எழுதிக் கொடுப்பது என்று வகுப்பு போயிற்று.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பிண்டில், பாபின், ரிங் பிரேம் என்று நூற்கிற இயந்திரத்துப் பெயர்களெல்லாம் அவர்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டே பேசுகிற வார்த்தைகள். மில்லுக்குப் போகிற சித்தியோ மாமாவோ இல்லாத வீடு குறைவு. பாதி ஆங்கிலம் கையில் இருக்கிறது, மீதியை நான் கோத்துக் கொடுத்தால் போதும் என்று தெம்பாக இருந்தேன்.

தேவதானத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா போலீஸில் ஏட்டு. ராஜபாளையத்து மில் ஒன்றில் பயிற்சிக்குப் போய், மத்தியானத்துக்கு மேல் மட்டும் நூல் அதிகமாக அறுவதைக் கவனித்து, காற்றில் ஈரம் குறைவதுதான் காரணம் என்று ஆய்வில் கண்டிருந்தாள். அதை அந்த மில்லின் மேலாளர் முன்னால் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். வகுப்பில் ஒருவருக்குத் தன் பரிசோதனைக் கூடத்தில் வேலை தருவதாக அவர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனிகளைப் பார்த்துக்கொண்டிருக்க, இவளுக்கு அந்த வேலைதான் வேண்டும்.

தோழிகளிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவாள். ஒத்திகைக்காக நான் மேலாளர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் மட்டும் விறைத்து நிற்பாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். "மத்தியானம் பஞ்சு மட்டமா வருது, அதான் நூல் அறுது, இல்லையா?"

"எஸ் சார்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏட்டி, நான் சொன்னது தப்புன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேம்."

"பொறவு என்ன எஸ் சார்?"

"பெரியவிய சொல்லும்போது இல்லன்னு எப்படி மேம் சொல்ல? எங்கப்பா கையில அறைதான் விழும்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு எவளும்கூட 'இல்லை' சொல்லியிருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பாடம் கிடையாது. கொஞ்சம் தணிந்து கேட்டேன்.

"சரி, அப்பா ரசத்துல உப்பு இல்லன்னு சொல்லுதாரு. உப்பு இருக்கு. உங்கம்மா என்ன செய்வாக?"

யோசித்தாள். "உப்பு இருக்குன்னு சொல்லமாட்டாவ மேம். 'செத்த கலக்கிட்டு இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க'ம்பாவ."

"அதைத்தான் ஆங்கிலத்துல சொல்லணும். இந்த வரைபடத்தை ஒருதரம் பாருங்க சார்னு சொல்லு. மீதியை வரைபடம் சொல்லும்."

அன்றைக்கு முழுக்க வகுப்பு அதுதான். அவரவர் வீட்டில் பெரியவர்களை நோகாமல் திருத்துகிற பேச்சையெல்லாம் சொல்லச் சொல்லி, மில்லுக்கு ஏற்ற ஆங்கிலமாக்கினோம். வரைபடத்தை நீட்டுவது, கேள்வியாகவே திருப்பிப் போடுவது, நேற்றைய அளவை இன்றைக்கு வைத்துக் காட்டுவது. அலுவலக ஆங்கிலத்தின் மரியாதை என்று நான் இத்தனை வருஷம் மனப்பாடம் செய்ய வைத்தது இவர்கள் அடுப்படியில் தாராளமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மேலாளர் வந்த நாளில் மேற்கே மலையிலிருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் பேசினாள், தடங்கல் இல்லை. முடித்ததும் அவர் தலையை ஆட்டிவிட்டு, "இது பஞ்சோட குறைதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொல்லிவைத்த கேள்வி இல்லை, சத்தியமாக.

"எஸ் சார்" என்றாள். போச்சு என்று நினைத்தேன்.

ஒரு மூச்சு விட்டு, கையைத் திரையில் இருந்த வரைபடத்தின் பக்கம் நீட்டினாள். "தயவுசெய்து இதை ஒருதரம் பாருங்கள் சார். காலையில் ஓடியதும் இதே பஞ்சுதான். காலையில் இவ்வளவு அறுபடவில்லை" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மத்தியானத்துக்குப் பின் ஈரம் இறங்கிய கோடும், அறுந்த கணக்கு ஏறிய கோடும் அவர் எதிரில் இருந்தன. எந்த ஷெட், எந்த வரிசை என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

கடைசியில், "திங்கட்கிழமை வேலைக்கு வரமுடியுமா?" என்றார்.

"நோ சார்" என்றாள், பட்டென்று. "பரீட்சை இருக்கிறது சார். முடிந்த மறுநாளே வருகிறேன்."

அவர் சிரித்துவிட்டார். "முடிச்சிட்டே வாம்மா. வேலை உனக்குத்தான்."

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, அம்புட்டுப் பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா நோ சார்னு சொல்லிட்டியே! எப்படி வந்துச்சு?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "அவிய வரமுடியுமான்னுதான மேம் கேட்டாவ. தப்பா ஒண்ணும் சொல்லலையே."