கயிற்றுக்கு அப்பால் நின்ற முருங்கை

1957 மார்ச் 13, புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு எங்கள் தோட்டத்தின் குறுக்கே அளவுக் கயிறு இழுத்தார்கள். காக்ஸ் டவுன் பங்களாக்களுக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டி, அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கோஸும் நூல்கோலும் பயிரிட்ட நிலம் அன்று இரண்டாயிற்று.

பங்கு பிரிக்க வந்தவர்கள் பாத்திகளை எண்ணினார்கள். கிணற்று முறையைப் பேசினார்கள். வேலியோரம் நின்ற முருங்கையையும் அகத்தியையும் எவரும் பேசவில்லை. சந்தைக்குப் போகாத எதையும் விளைச்சலாக மதிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கயிறு மரங்களுக்கு இப்பால் விழுந்தது.

"அப்பா, மரம் அந்தப் பக்கம் போகுது," என்றேன்.

"மரம் என்ன ஃபசலா, வெளைச்சலா? விடும்மா."

நாங்கள் உண்டு வந்ததோ அந்த மரங்களைத்தான். காய்கறி முழுவதும் விடியுமுன் வண்டியேறிவிடும். ராகிக் களிக்குத் துணை முருங்கைக்கீரை. அது சலித்தால் அகத்திக்கீரை. அம்மா அப்போது பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. பால் போதாமல் தங்கையின் அழுகைகூட மெலிந்து போயிருந்தது.

உச்சிவேளையில் அம்மா முறத்துடன் கயிற்றருகே போய் நின்றாள். அப்பால் பெரியம்மா அகத்தியை ஒடித்து ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு கை முருங்கக்கீரை குடுங்கக்கா. பால் எறங்கமாட்டேங்குது."

"எங்க ஆட்டுக்கே பத்தலையேடி. ஆடாவது ரெண்டு வேளையும் கறக்குது."

களை பறிக்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரிக்காமல் அங்கிருந்து திரும்பி வர அவளுக்கு வழியில்லை.

மாலையில், எங்கள் பக்கம் சாய்ந்திருந்த ஒரு கிளையிலிருந்து அவள் ஒரு கொத்தைக் கிள்ளினாள். பெரியப்பா பார்த்துவிட்டார். அரிவாளோடு வந்து அந்தக் கிளையை வெட்டினார். அது எங்கள் கோஸுப் பாத்திமேல் முறிந்து விழுந்தது.

"கெள சாஞ்சா மரம் உங்களுதாயிடுமா?"

கயிற்றைத் தாண்டி வந்தவர், அம்மா கையிலிருந்த கொத்தையும் வாங்கிக்கொண்டார். கிளையை அங்கேயே குந்தித் துண்டு துண்டாக நறுக்கினார். முருங்கைக் கொம்பு எங்கே ஊன்றினாலும் துளிர்க்கும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும்.

"மொழ நீளம் விட்டாக்கூட நட்டுடுவா, காலேஜ் போறவ," என்றார் என்னைப் பார்த்து.

அப்பா அடுத்த பாத்திக்கு மடையைத் திருப்பிவிட்டார். அவர் தலை நிமிரவில்லை.

அன்றிரவு தங்கை மார்பைப் பற்றுவதும் விடுவதுமாக இருந்தாள்.

மறுநாள் காலை, வாய்க்கால் சேற்றில் புதைந்து பெரியப்பா கண்ணுக்குத் தப்பிய ஒரு கொம்பைக் கண்டெடுத்தேன். வீட்டின் பின்புறம் குழி தோண்டி நட்டு, வெட்டுவாயில் சாணி அப்பினேன். அதில் கீரை கிள்ளப் பல மாதங்கள் ஆகும். தங்கைக்குப் பால் அன்றைக்கே வேண்டும். அதை அறிந்தே மண்ணை மிதித்து இறுக்கினேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.