வூசிக்கு ஓர் இருக்கை

ஜோகன்னஸ்பர்க் வண்டி நிலையத்தில் பெகி அளவுக்குப் பயணிகளிடம் திட்டு வாங்கிய ஓட்டுநர் வேறு யாருமில்லை. மினிவேனுக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டியதும் கொக்கியை ஆட்டிப் பார்ப்பான், சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டுவான், சக்கரக் காற்றை அளப்பான். கனமான சாமானெல்லாம் அச்சுக்கு முன்பக்கம்தான் போகவேண்டும். முதலில் இறங்குகிறவரின் சாமான் அடியில் சிக்கிக்கொண்டாலும் அவன் விட்டுக்கொடுக்க மாட்டான்.

"என்னப்பா, கல்யாணத்துக்குப் போறோமா, சாவு ஊர்வலமா?" என்றாள் முன் இருக்கையில் இருந்த கோழி வியாபாரி.

"மெதுவாப் போனா ரெண்டுக்கும் போய்ச் சேரலாம்க்கா."

எப்போதும் இப்படி இருந்தவனல்ல. இரண்டு வருடத்துக்கு முன், லேடிஸ்மித்தில் முதலில் இறங்கவேண்டியவரின் குளிர்சாதனப் பெட்டியை, இறக்குவதற்குச் சுலபம் என்று டிரெய்லரின் வால்பக்கம் ஏற்றினான். எல்லாரும் செய்வதுதான். வான் ரீனன் மலை இறக்கத்தில் பின்பாரத்தால் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தான், பாவி. வண்டி புரண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி வூசி அங்கேயே போய்விட்டான். பெகிக்கு நெற்றியில் ஒரு கீறல். அன்றிலிருந்து அம்மா அவனிடம் பேசவில்லை. களி கிண்டித் தட்டில் வைப்பாள், அவ்வளவுதான். அந்த மௌனத்தில் அவன் பாதி ஆளாகிவிட்டான்.

உடலைப் புதைத்தாயிற்று, ஆவி மட்டும் இன்னும் சாலையோரத்திலேயே நின்றது. "கூட்டிட்டுப் போனவன்தான் கூட்டிட்டு வரணும்" என்று தாய்மாமன் தீர்த்துச் சொல்லிவிட்டார். அதனால் இன்று அந்த இறக்கத்தில், சாலையோரம் அகன்ற இடமாகப் பார்த்து பெகி வண்டியை நிறுத்தினான். ஊரிலிருந்து மாமாவோடு முன்பே வந்திருந்த அம்மா, ஆவி ஏறிவரும் முட்கிளையைக் கையில் பிடித்தபடி நின்றாள். கிளையை ஏந்தியவள் வீடு சேரும்வரை செத்தவனோடு மட்டுமே பேசலாம். பயணிகள் தொப்பியைக் கழற்றினார்கள். கோழிக்காரி சத்தமில்லாமல் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

மாமா மூன்று பேருக்குக் கட்டணம் நீட்டினார். பெகி தயங்கினான்.

"வாங்கிக்கடா. ஓசியில ஏத்தினா அவன் வரமாட்டான்."

அம்மா முன் இருக்கையில் ஏறி, பக்கத்தில் இடம் விட்டுக் கிளையை வைத்தாள். "ஏறிக்கோ வூசி. உங்க அண்ணன் வண்டிதான்."

பெகி வண்டியைக் கிளப்பினான். வீட்டில் கிளையை இறக்கிவைத்த பிறகு அம்மா தன்னிடமும் பேசுவாளா? ஒரே ஒரு வார்த்தை போதும் அவனுக்கு.

தாழ்ந்த கியரில் இறங்கினான். பெரிய லாரி ஒன்று உரசுவதுபோல் முந்திச் செல்ல, அதன் காற்றில் டிரெய்லர் ஆடியது. கால் பிரேக்கைத் தேடியது. பல்லைக் கடித்துக் காலை எடுத்துக்கொண்டான்.

"பயப்படாதேடா வூசி" என்றாள் அம்மா, பெகியின் காலையே பார்த்தபடி. "பிரேக்க மிதிக்கல. ஸ்டியரிங்க நேராப் புடிச்சிருக்கான். பாரு, ஆட்டம் நின்னுடுச்சு."

பயணிகளை அங்கங்கே இறக்கிவிட்டு, மாலையில் ம்சிங்காவில் வீட்டை அடைந்தார்கள். அம்மா வட்டக் குடிசையின் உட்புறத்தில் கிளையைக் கிடத்தி, "வந்துட்டோம்ப்பா" என்றாள். வெளியே வந்தபோது பெகி வாசலில் நின்றிருந்தான்.

"பெகி."

"அம்மா!"

"அன்னிக்கும் இதையே செஞ்சிருக்கலாமேடா."

"அன்னிக்குத் தெரியாதும்மா."

"தெரியாமத்தான் அவனப் பக்கத்துல ஏத்திக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு, அவள் களி கிண்டப் போனாள்.