தூளியைப் பிடித்து எடுத்த பஸ்கி

பீளமேட்டில் பஞ்சாலை வேலை எனக்கு. நாள் முழுக்க நிற்கும் கால்களுக்கு வலு வேண்டுமென்று வீட்டிலேயே பஸ்கி எடுக்க ஆரம்பித்தேன். உட்காரும்போது குதிகால் தூக்கிக்கொண்டு உடம்பு பின்னால் சாய்ந்தது. அதனால் விட்டத்தில் கட்டியிருந்த சேலைத் தூளியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிடிமானம், உள்ளே தூங்கும் மகளுக்கு ஆட்டம் என்று பெருமை வேறு.

ஒருநாள் காலை முகம் கழுவிவிட்டு வந்து தூளியைப் பிடித்தேன். பாதியில் முழங்கால் மடங்க, முழுப் பாரத்தோடு தொங்கிவிட்டேன். முடிச்சு அவிழ்ந்து தூளி தரையில் விழுந்தது. சேலைக்குள் பதறித் துழாவினேன். குழந்தை இல்லை.

"பாப்பா இங்கிருக்குதுங்க. பசிச்சு அழுதுதுன்னு இப்பத்தான் எடுத்தனுங்க" என்றபடி சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, கீழே கிடந்த சேலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இனி எதையும் புடிக்காம எடுங்க. விழுந்தா நீங்க மட்டும் விழுவீங்க."

இப்போது பின்னால் முக்காலி போட்டு, குதிகாலை ஊன்றி, முக்காலியைத் தொடும்வரை மட்டும் இறங்குகிறேன். மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். புளியங்கொட்டை பொறுக்க அவள் குத்தவைக்கும்போது குதிகால் தரையை விட்டு எழுவதே இல்லை. அவளைப் பார்த்துத்தான் நானும் உட்காருகிறேன்.