காவு கேட்காத மோட்டார்

மோட்டாருக்குச் சேவல் அறுத்திருக்கிறீர்களா நீங்கள்? அறுத்திருந்தால் திண்டிவனத்தில் அம்சவள்ளியின் மோட்டார் காயில் கட்டும் கடைப் பக்கம் போகாதீர்கள். எரிந்துபோன மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கும் விவசாயியிடம் அவள் முதலில் கேட்பது அதைத்தான். "ரத்தம் காட்டுவீங்களாண்ணா? காட்டுவீங்கன்னா வேற கடை பாத்துக்குங்க."

செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டேதான் பேசுவாள். கை நிற்காது, வாயும் நிற்காது, வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அரைபட்டுக்கொண்டே இருக்கும். ஆயுத பூஜையன்று தெருவெல்லாம் பூசணிக்காய் உடைந்து குங்குமச் சிவப்பில் கிடக்கும். அவள் மட்டும் தன் பங்குப் பூசணியைக் கூட்டு வைத்துவிடுவாள். சாமி கோபித்துக்கொள்ளும் என்று பக்கத்துக் கடைக்காரர் பயமுறுத்தினால், "கோச்சிக்கினா என்னாண்ட வரச்சொல்லு, ஒரு கரண்டி போட்டு அனுப்புறேன்" என்பாள்.

இது பிறவிப் பிடிவாதம் இல்லை. மூன்று வருஷம் முன்புவரை அவளும் கும்பிட்டவள்தான்.

அவள் தாத்தா தாண்டவராயன், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துச் சேரிக்காரர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில், மேற்கே மலையில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கட்டியபோது, குழாய் பதிக்கும் வேலைக்குப் போனார். திரும்பவில்லை. முதல் தண்ணீர் விட்ட அன்று மலை காவு கேட்டது, அவர் தன்னையே கொடுத்தார் என்று கங்காணி வந்து சொன்னான். குடும்பம் நம்பியது. ஊருக்கு வெளிச்சம் தந்த காவுசாமி என்று ஆடி தவறாமல் அவருக்குச் சேவல் அறுத்தது. அந்த வெளிச்சம் அவருடைய சேரிக்கு வர இன்னொரு தலைமுறை ஆனது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் மகளிர் குழுவோடு சுற்றுலா போன அம்சவள்ளியின் வேன் அந்த மலையில் நின்றது. மின்நிலைய வாசல் கல்வெட்டில் திறந்துவைத்த துரை பெயர் இருந்தது. ஒப்பந்தக்காரர் பெயர் இருந்தது. சரிவில் இறங்கும் ராட்சசக் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பெருமையாகவே சொன்னாள்: "மொத தண்ணி வுட்ட அன்னிக்கு எங்க தாத்தாவ இந்த மலை எடுத்துக்கிச்சிங்க."

அவர் அங்கேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "மலை எங்கீங்க அம்மிணி ஆளை எடுக்குது? குழாய்க்கு உள்ளாற நின்னு தார் பூசிட்டு இருந்தாங்க. ஒப்பந்தக்காரர் நல்ல நேரம் குறிச்சுட்டு வந்துட்டாரு. நேரம் தப்பிப்போகும்னு தொறந்துட்டாங்க. வால்வைத் திருப்புனது எங்க தாத்தன்தானுங்க. சாகற வரைக்கும் அதையே சொல்லிப் பொலம்பிட்டு இருந்தாரு."

சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தார்.

அம்சவள்ளி குழாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். திண்டிவனம் வரும்வரை மடியில் கட்டியிருந்த மல்லாட்டை அப்படியே இருந்தது.

மலை கேட்கவில்லை; மலைக்கு வாய் ஏது? ஒருவன் பஞ்சாங்கத்தைப் பார்த்தான், குழாய்க்குள் பார்க்கவில்லை. பிறகு கொலைக்குக் காவு என்று பேர் வைத்து, செத்தவன் வீட்டாரையே சேவல் அறுக்கவும் வைத்துவிட்டார்கள்.

தம்பி ராஜாமணிக்கு இது பொறுக்கவில்லை. "இத்தினி வருசமா சாமின்னு கும்பிட்டுக்கினு இருந்தோம். இப்போ எலி மாதிரி பொந்துல செத்தாருன்னு சொல்லச் சொல்றியாக்கா?"

"ஆமாண்டா. அப்டித்தான செத்தாரு."

"உனுக்குப் படிச்சவங்க சாவாசம் அதிகமாய்ட்ச்சி" என்று முறைத்துக்கொண்டு போனான்.

போன வாரம் அவனுடைய குத்தகை நிலத்துக் கிணற்றில் பழுது பார்த்த மோட்டார் இறங்கியது. காயில் கட்டியது அக்காதான். அவளுக்குத் தெரியாமல் வரப்போரம் ஒரு சேவல், கால் கட்டிக் கிடந்தது. மெக்கானிக் தென்னரசு கிணற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மோட்டாருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ராஜாமணி குறித்திருந்த நல்ல நேரம் முடியப்போகிறது.

"ஒரே ஒரு தட்டு தட்டிட்டு நிறுத்திடறேன். நேரம் போவுது" என்று ராஜாமணி சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

அம்சவள்ளி கத்தவில்லை. அவனை இடித்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கினாள்.

"உள்ள யார்ரா இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. ராஜாமணி கிணற்றைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், குனிந்து சேவலின் கால் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

பியூஸ் கட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, அம்சவள்ளி கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். நல்ல நேரம் போயே போய்விட்டது. "நிதானமா ஏறி வாப்பா தென்னரசு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, ஒரு மல்லாட்டையை உடைத்துச் சேவலுக்குப் போட்டாள்.

நீங்களும் நாள் பார்த்து, நேரம் பார்த்து ஏதோ ஒரு சுவிட்சில் கை வைக்கத்தான் போகிறீர்கள். வைக்கும் முன், குனிந்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒரு குரல் கொடுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.