அம்பயர் மாப்பிள்ளைக்குக் கொடுத்த அவுட்

என் வீட்டுக்காரர் சுப்புராயன் இருபத்தெட்டு வருஷம் சென்னை லீக் மேட்சுகளில் அம்பயராக நின்றவர். வாரநாளில் ராயப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கோட்டு. தான் கொடுத்த ஒரு அவுட்டைக்கூடத் தப்பென்று அவர் ஒத்துக்கொண்டதில்லை. ஒருநாள் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன் என்று நானே சொன்னேன். "உப்புலாம் கரெக்டா கீது" என்று சாதித்தார். முதல் வாயிலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம், சொன்னதை மாற்ற மாட்டாராம். இப்படிப்பட்ட மனுஷரோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். எனக்குத்தான் விருது கொடுக்க வேண்டும்.

போன குளிர்காலத்தில் நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் மகள் கயல் வீட்டுக்குப் போயிருந்தோம். போன நேரம் பார்த்துச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச். மயிலாப்பூரில் இருந்திருந்தால் ஷேர் ஆட்டோ பிடித்து நேரிலேயே பார்த்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, உலகத்தின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டு அதே மேட்சுக்காகக் கண்விழித்தார். இங்கே காலை ஒன்பதரை என்றால் அங்கே ராத்திரி பதினொன்று. மத்தியானமே தூங்கி எழுந்து, குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, டி.வி. முன்னால் ஆஜராகிவிடுவார். பக்கத்தில் மாப்பிள்ளை நிரஞ்சனும் மரியாதைக்கு உட்காருவார். இன்னொரு சோபாவில் நான் படுத்துக்கொள்வேன்.

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு பழைய பாக்கி இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீக் மேட்சில் நிரஞ்சன் தொண்ணூற்று நான்கு ரன்னில் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு பேங்க் டீமின் மேனேஜர் பார்க்க வந்திருந்தார். நூறு அடித்தால் டீமிலும் வேலையிலும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பந்து கீப்பர் கைக்குப் போனது, எல்லாரும் கத்தினார்கள், என் வீட்டுக்காரர் விரலைத் தூக்கிவிட்டார். நிரஞ்சன் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். பேங்க் வேலை போயிற்று. மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார், அங்கே படிக்கப் போயிருந்த கயலைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர் இவரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "லெஃப்ட் ஹேண்டுதானே நீங்க?" என்று கேட்டார் இவர். "ஆமா சார்" என்றார் அவர். அதோடு சரி, அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஆனால் நிரஞ்சன் மற்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார், பந்து பேட்டில் படவே இல்லை என்று. கல்யாணமாகி ஐந்து வருஷமும் சாப்பாடு, மழை, விசா தவிர அவர்கள் பேசிக்கொண்டது எதுவுமில்லை. "அப்பா ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிட்டா போதும்மா. நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள பேசச் சொல்லேன்," என்று கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் போய்ச் சொன்னால், "அம்பயர் எங்கயாவது தப்புன்னு சொல்வானா? நீ சும்மா கெட," என்று முடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு நாள் அவருக்குக் காபியே போட்டுக் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் ஆட்டம். விடியற்காலை நாலு மணி தாண்டியிருக்கும். கீப்பர் பிடித்துக் கேட்டதும், டி.வி.யில் இருக்கிற அம்பயருக்கு முன்னாலேயே இவர் விரலைத் தூக்கினார். "அவுட்டு." அந்த அம்பயரும் கொடுத்தார். பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டான். சத்தத்தைக் காட்டுகிற கோடு திரையில் நேராகவே போனது, பந்து பேட்டில் படவில்லை. நாட் அவுட்.

"மிஷின்ல இன்னாவோ கோளாறு," என்றார் இவர். அந்த ராத்திரியில் அது மூன்றாவது கோளாறு.

நிரஞ்சன் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "அன்னைக்கு எனக்கும் ஒரு மெஷின் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா."

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது. ஐந்து வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளை சொல்லியே விட்டது. இவர் எகிறப் போகிறார் என்று போர்வைக்குள் பயந்து கிடந்தேன். இவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். இரண்டு ஓவர் போனது.

"மாப்ள, அந்த பவுலர் அவனோட முந்தின ஓவர்ல உங்க கால்ல பட்டுச்சுன்னு ஒரு எல்.பி. கேட்டான், நெனவு கீதா? பச்சையா அவுட்டு. நான் குடுக்காம விட்டுட்டேன். மனசு அதுலயே சுத்திக்கினு இருந்துச்சு. அடுத்த தபா கேட்டதும் கை தானா மேல போயிருச்சு."

"சத்தம் கேட்டுதா மாமா?"

"கேக்கல. சத்தியமா ஒண்ணும் கேக்கல. நான் பண்ணது தப்பு மாப்ள."

தப்பு என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து நான் முதல் தடவையாகக் கேட்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மாப்பிள்ளை இருக்கிறாரே என்று போர்வையைக் கடித்துக்கொண்டேன். கயலை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

நிரஞ்சன் ரிமோட்டை எடுத்தார், வைத்தார். பிறகு மெதுவாக, "எனக்குக் கேட்டுது மாமா," என்றார்.

இவர் திரும்பிப் பார்த்தார்.

"பேட்டோட ஓரத்துல பட்டுது. கையில நல்லாத் தெரிஞ்சுது. எங்க அப்பாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, படலைன்னு சொல்லிட்டேன். அப்புறம் எல்லார்கிட்டயும் அதையே சொல்லவேண்டியதாப் போச்சு. கயல்கிட்டகூட."

நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் என் புருஷன் தலையில் கட்டி வைத்திருந்த பழியா இது? நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி அடக்கினார்.

"இருக்கட்டும் மாப்ள," என்றார். "நீங்க அவுட்டுதான். ஆனா சத்தம் கேக்காமலே நான் குடுத்தது தப்பு. அதுல மாத்தம் இல்ல."