ஆதிகேசவன் வீட்டுக் கோபம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் ஆதிகேசவனுக்குக் கோபம் மூக்கு நுனியில். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய், அங்கே நிற்கிற ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொள்வார். வண்டியைக் கிளப்பவும் மாட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் நாங்கள் இந்த நகராத ஊர்வலத்தைப் பல வருடமாகப் பார்க்கிறோம். இறங்கி வந்து யாரிடமாவது மன்னிப்புக் கேட்டதாக மட்டும் சரித்திரம் கிடையாது.

அவருடைய அப்பாவும் இப்படித்தானாம். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி உட்காருவாராம். அவர் இறந்தபோது ஆதிகேசவன் கைக்குழந்தை. பார்த்தே இராத மனிதரின் கோபம் தனக்கு எப்படி வந்தது? ரத்தத்தில்தான் என்று அக்கா சௌந்தரம் சொல்லிச் சொல்லி, இவரும் நம்பிவிட்டார். தோலைத் தடவியே, இது மாட்டோடு பிறந்த கோடு, இது முள் கிழித்தது என்று பிரிக்கிறவர்தான். தன் விஷயத்தில் அந்த அளவுகூட யோசிக்கவில்லை. குழந்தை பிறக்காது என்றானபோது, "நல்லதாப் போச்சு, இந்தப் பேஜார் என்னோட முடியட்டும்" என்று மனைவி தேவகியிடம் சொன்னாராம். பிறகு இருவரும் மோனிஷாவைத் தத்தெடுத்தார்கள். அதை அவளிடம் மறைக்கவும் இல்லை.

மோனிஷாவுக்கு இப்போது ஆறு வயது. போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து சௌந்தரம் வந்திருந்தார். தட்டில் கத்திரிக்காயை வைத்ததற்கு மோனிஷா தட்டைத் தள்ளிவிட்டாள். குழம்பெல்லாம் அத்தையின் புடவையில். விடுவிடுவென்று வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

"யாரு ரத்தமோ, இன்னா கோவம் பாரு!" என்றார் சௌந்தரம். அது எனக்கே கேட்டது, வாசலில் இருந்த குழந்தைக்குக் கேட்காதா? எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்றிருந்தது.

ஆதிகேசவன் வெளியே வந்தார். மோனிஷா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "நான் யாரு ரத்தம்ப்பா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா வண்டி மேல வந்து உக்கார்ற இந்தக் கோவம் என்னோடது. என்னைப் பாத்துதான் உனக்கு வந்துச்சு."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்ப நீயே போய் அத்தகிட்ட சாரி சொல்லு."

ஆதிகேசவன் இறங்கி உள்ளே போனார். "அக்கா, மன்னிச்சுடு" என்று அவர் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது. அப்புறம் சௌந்தரமே வேறு தட்டில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு ஸ்கூட்டருக்கு வந்தார். அதில் கத்திரிக்காய் இல்லை.